ஏழாம் மாடிக்கு ஓர் இரட்டை வண்டி

ரூஸே,
மார்ச் 4

அக்கா,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை வைத்தாய், செவ்வாய்க்கிழமையும் வைத்தாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் கிழிக்கிற நேரத்தில் நாலு வரியாவது கண்ணில் படும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் என்ன கேட்டுவிட்டேன்? மே மாதம் எனக்கு இரண்டாவது பிறக்கப் போகிறது. போயானுக்கு அப்போது ஒன்றரை வயதுதான். ருமென் இழுவைப் படகில் டான்யூபில் மேலே போனால் திரும்பி வர மூன்று வாரமாவது ஆகிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு நான் ஒருத்தி. இரண்டு பேரையும் வைத்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு இரட்டை வண்டி வேண்டும். அதை இப்போதே பார்த்து, எங்கள் லிஃப்டில் நுழைகிறதா என்று தள்ளிப் பார்த்து வாங்க வேண்டும் என்றேன். பிறப்பதற்கு முன்னால் என்று சொன்னதும் டொக்கென்று வைத்துவிட்டாய்.

போன தடவை நடந்ததை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன். பிள்ளை பிறந்த பிறகுதான் வண்டி வாங்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம் ஆயிற்றே, நீயும் உன் தங்கை புருஷனும் கடைக்கு ஓடினீர்கள். அரை மணி நேரத்தில் ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். வெள்ளை வெளேரென்று, லாரிச் சக்கரம் போல நாலு சக்கரம். என்னை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அது லிஃப்ட் வாசலில் மாட்டிக்கொண்டது. ருமென் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். அப்போதும் நுழையவில்லை. கீழே வைத்துப் பூட்டலாம் என்றால் கட்டட நிர்வாகி தோர்ச்செவ் வழி மறிக்கிறது என்று குதித்தார்.

ஏழாம் மாடி அக்கா. டிசம்பரில் உள்ளே போனவள், பனி உருகிய பிறகுதான் தெருவில் கால் வைத்தேன். ரொட்டிக்கும் பாலுக்கும் மூன்றாம் மாடி லாசாரினா அத்தையிடம் கையேந்தினேன். ஒரு நாள் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தபோது, கீழே யாரோ ஒரு பெண் கையை வீசிக்கொண்டு நடந்து போனாள். அதைப் பார்த்து ஓவென்று அழுதேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் யார் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

இந்தத் தடவை என் பிள்ளைகளை நானே வெளியே கூட்டிக்கொண்டு போவேன். யாரையும் கேட்காமல், நினைத்த நேரத்தில். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஸோரி


வார்னா,
மார்ச் 11

ஸோரி,

கிழிக்கவில்லை. முழுசாகப் படித்தேன். படித்த பிறகு கிழிக்கலாமா என்று யோசித்தேன்.

முதலில் வண்டி விஷயம். நான் எடுத்தது ராணி போன்ற வண்டி. கடையில் இருந்ததிலேயே அதுதான் உசத்தி. அதை வைத்துக்கொண்டு உன் லிஃப்டைக் குறை சொல்லாமல் என்னைக் குறை சொல்கிறாய். தீப்பெட்டிக்குக் கதவு வைத்து லிஃப்ட் என்று சொன்னால் அதற்கு நானா பொறுப்பு? அந்த வீட்டை வாங்காதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ஆறு தெரியுதுக்கா, ஆறு தெரியுது"ன்னு குதித்தவள் நீ. நன்றாகப் பார், ஆற்றை.

இரண்டாவது, பிறப்பதற்கு முன்னால் வண்டி கிடையாது. வீட்டுக்குள் ஒரு சாக்ஸ்கூட வரக் கூடாது. அம்மா நம் இருவருக்கும் அப்படித்தான் செய்தாள். ஊரே அப்படித்தான் செய்கிறது. நீ மட்டும் பெரிய புத்திசாலி. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். அன்றைக்கே நான் ரயில் ஏறி வந்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காருகிற வண்டியாகப் பார்த்து நானே வாங்கித் தருகிறேன். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்துக்கொண்டு போகும். அழகாக இருக்கும்.

நீ அழுத விஷயம் எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். வந்திருப்பேன். உன் அத்தான் அசெனைச் சமைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

ஆனால் முன்னால் வாங்காதே. ஏன் என்று என்னைக் கேட்காதே. உனக்குத் தெரியும்.

வெசெலா


ரூஸே,
மார்ச் 19

அக்கா,

உன் பேச்சைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன், இனி திட்டு.

வண்டி வீட்டுக்குள் வரவில்லை, பயப்படாதே. கடைக்காரரைக் கெஞ்சி இரண்டு வண்டிகளைக் கட்டடத்தின் கீழ்வாசல் வரைக்கும் கொண்டுவரச் சொன்னேன். நீ சொன்ன பக்கத்துப் பக்கத்து வண்டியைத்தான் முதலில் தள்ளினோம். லிஃப்ட் கதவில் இந்தப் பக்கம் ஒரு சக்கரம், அந்தப் பக்கம் ஒரு சக்கரம், நடுவில் கம்பி. இழுத்தால் வரவும் இல்லை. மேலே ஐந்தாம் மாடியில் யாரோ லிஃப்டுக்காகக் கதவைத் தட்டுகிறார்கள். தோர்ச்செவ் வந்து நின்றார்.

"என்னம்மா, வீட்டுக்குள்ள டிராக்டர் கொண்டு போறியா?"

"இல்லீங்க, ரெட்டைப் பிள்ளை வண்டி."

"பிள்ளையே இன்னும் பொறக்கலியே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அவரும் உன் பாட்டையே பாடினார். கட்டடமே உன் கட்சிதான்.

அடுத்தது ஒன்றன் பின் ஒன்றாக உட்காருகிற நீள வண்டி. அது நுழைந்தது! கைதட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன். வண்டி உள்ளே, கதவும் மூடுகிறது, நான் வெளியே நிற்கிறேன். எனக்கு இடமில்லை. ருமெனிடம் போனில் சொன்னால், "அதனால என்ன, பட்டனை அழுத்திட்டு நீ படியில ஓடி வந்துடு"ங்கிறான். ஏழு மாடி ஓடணுமாம் நான், பிள்ளைகள் தனியாக லிஃப்டில் வரணுமாம். படகுக்காரனுக்குப் புத்தி அவ்வளவுதான்.

லிஃப்ட் தரையின் அளவுக்குப் பொட்டலத் தாளை வெட்டி இதோடு மடித்து வைத்திருக்கிறேன். கதவின் அகலத்துக்கு ஒரு நூலும் இருக்கிறது. உன் ஊரில் பெரிய கடைகள் உண்டு. மனசிருந்தால் போய் விரித்துப் பார். இல்லாவிட்டால் அடுப்பில் போடு.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். உன் வீட்டில் நடந்ததற்கு வண்டி காரணம் இல்லை அக்கா. டாக்டர் சொன்னார், உனக்கும் தெரியும். உன் பயத்தை என் தலையில் கட்டாதே. ஒரு குளிர்காலம் நான் அதற்கு விலை கொடுத்தாகிவிட்டது.

ஸோரி


வார்னா,
மார்ச் 27

ஸோரி,

நீ எழுதிவிட்டாய். நானும் எழுதுகிறேன், ஒரே ஒரு தடவை.

ஆமாம், நான் எல்லாவற்றையும் முன்னாலேயே வாங்கினேன். அப்போது நானும் உன்னைப் போலத்தான், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பேசிக்கொண்டு திரிந்தேன். தொட்டில், வண்டி, மஞ்சள் குல்லா, எல்லாம். வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் காலியாகவே நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினேன். அசென் சிரித்துக்கொண்டே பார்த்தான். ஏழாம் மாதத்தில் வலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேராகவே திரும்பி வந்தோம். கதவைத் திறந்தால் வண்டி நேரே நிற்கிறது. அசென் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போனான். எங்கே கொண்டுபோய்ப் போட்டான் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

வண்டியால் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? நான் முட்டாள் இல்லை. நம்பிக்கை வேறு, பயம் வேறு. கதவைத் திறந்ததும் உன் வீட்டில் அப்படி ஒன்று நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அதற்குப் பேர் என் பயத்தை உன் தலையில் கட்டுவது என்றால், சரி, கட்டினேன்.

இனி உன் இஷ்டம். என்னிடம் எதுவும் கேட்காதே. கொஞ்ச நாளைக்கு எழுதவும் வேண்டாம்.

வெசெலா


ரூஸே,
ஏப்ரல் 18

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். மூன்று வாரம் எழுதவில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

இன்று காலை போயானோடு டாக்டரிடம் போயிருந்தேன், ருமெனின் நண்பன் காரில். திரும்பி வந்தால் கீழ்வாசலில் லாசாரினா அத்தை எனக்காகவே காத்துக்கொண்டு நிற்கிறாள். வாயெல்லாம் பல்.

"ஏண்டி, உன் வீட்டுக்கு ஒரு பைத்தியம் வந்துட்டுப் போச்சே, தெரியுமா?"

"யாரு அத்தே?"

"யாருக்குத் தெரியும்! நல்லா வாட்டசாட்டமா ஒரு பொம்பளை. பச்சைக் கோட்டு. பிள்ளை வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தா. பிள்ளை எங்கேடான்னு எட்டிப் பாத்தா, மேல ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, கீழ ஒரு மூட்டை உருளைக்கிழங்கு! ரெண்டுக்கும் பெல்ட்டு வேற போட்டிருக்கா!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, லிஃப்டுல ஏறுறா, மேல போறா, கீழ வர்றா, மறுபடி ஏறுறா. தோர்ச்செவ் வந்து, 'யாருங்க நீங்க, எங்க போறீங்க?'ன்னான். 'பேசாம கதவைப் பிடிய்யா'ன்னா பாரு ஒரு அதட்டல்! அந்த ஆளு வாழ்க்கையில முதல் தடவையா வாயை மூடிக்கிட்டுக் கதவைப் பிடிச்சான்."

பச்சைக் கோட்டு என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே ஓடினேன். ஓடினேன் என்றால், இந்த வயிற்றோடு லிஃப்டில்தான். கதவுக்கு வெளியே இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கின்றன, சமர்த்தாக. நீ இல்லை. வண்டி இல்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

வார்னாவிலிருந்து அவ்வளவு தூரம் ரயிலில் வந்து, என் வீட்டு வாசல் வரைக்கும் ஏறி, நான் வரும்வரை நிற்காமல் போயிருக்கிறாய். அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். போயான் ஒரு கிழங்கை எடுத்துக் கடித்துவிட்டுத் துப்பினான். அதைப் பார்த்துச் சிரிப்பும் வந்துவிட்டது.

மார்ச்சில் எழுதிய அந்த வரிக்காக என்னை மன்னித்துவிடு. டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும் என்று எழுதினேனே, எனக்குத்தான் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

உடனே பதில் போடு. அது என்ன வண்டி? நுழைந்ததா? நீயும் உள்ளே நின்றாயா?

ஸோரி


வார்னா,
ஏப்ரல் 24

அடியே ஸோரி,

நுழைந்தது. நானும் உள்ளே நின்றேன். நான் இப்போதும் உன்னைவிட அகலம், உன் வயிற்றையும் சேர்த்தே சொல்கிறேன். எனக்கு இடமிருந்தால் நீ நாட்டியமே ஆடலாம்.

உன் இரண்டாம் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன் பேரைச் சொன்னாலே எனக்கு எரிந்தது. ஆனால் முதல் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன், ஜன்னலில் நின்று அழுதேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று காவல் காத்தேன். பெற்றவள் உள்ளே அடைபட்டுக் கிடந்ததை யார் பார்த்தது? நான் பார்க்கவில்லை. உன் அக்கா நான். எனக்கே அடுக்கவில்லை.

பொட்டலத் தாளை எடுத்துக்கொண்டு பெரிய கடைக்குப் போனேன். கடை நடுவில் விரித்தேன். மீசைக்காரர் ஒருத்தர் ஓடி வந்தார்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"இது லிஃப்டு. வண்டியை இதுக்குள்ள கொண்டு வாங்க."

"இது பேப்பருங்களே."

"உங்களுக்குப் பேப்பர். என் தங்கச்சிக்கு லிஃப்டு. சுவத்துல இடிக்காம மெதுவா வாங்க."

அந்த மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஒவ்வொரு வண்டியாகக் கொண்டு வருகிறார், நான் தாளின் ஓரத்தில் நின்றுகொண்டு, "காலு வெளிய இருக்கு! அடுத்தது!" என்று விரட்டுகிறேன். வண்டி வாங்க வந்த ஜனம் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை. அதில் ஒரு பெண், "எங்க லிஃப்டும் இதே மாதிரிதாங்க, அந்தத் தாளைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நம் ஊரில் எல்லாரும் ஒரே தீப்பெட்டியில்தான் குடியிருக்கிறோம்.

கடைசியில் கிடைத்தது இது. ஒற்றை வண்டியின் நீளம்தான். பெரியவன் மேலே நிமிர்ந்து உட்காருவான். சின்னது அவனுக்குக் கீழே பின்பக்கம் கூடையில் படுத்துக்கொள்ளும். சின்னதைச் சாமான் மாதிரி கீழே போடுவதா என்று முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். கூரையெல்லாம் வைத்து, குட்டி அறை போல இருக்கிறது. வெயிலும் படாது, தெருக்காரர்கள் கண்ணும் படாது. பிடித்துவிட்டது.

ஆனால் தாளில் நுழைந்தால் போதாது. தாளுக்குச் சுவர் கிடையாதே. நிஜ லிஃப்டில் பார்க்காமல் இன்னொரு ராணியை உன் தலையில் கட்ட மாட்டேன். அதனால் ரயிலில் ஏற்றினேன். காலி வண்டியை இனி ஒரு நாளும் தள்ள மாட்டேன் என்று வைத்திருக்கிறேன், அதனால் உங்கள் ஊர்ச் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கினேன். பெல்ட் போட்டது நிஜம். மேட்டில் சாயக் கூடாது இல்லையா.

கதவு மணியை அடிக்கக் கையைத் தூக்கினேன். வண்டியோடு உன் வாசலில் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கையை இறக்கிவிட்டேன். நீ திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. கிழங்கை இறக்கிவைத்துவிட்டு, வண்டியை மடித்துத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். கோபத்தில் இல்லை. அதை நம்பு.

வண்டி இப்போது அசெனின் சித்தப்பா மகன் காரேஜில், போர்வை போர்த்தி, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பிள்ளை பிறந்த அன்று நான் கொண்டு வருவேன். அதுவரை போய் எட்டிப் பார்க்காதே. பார்ப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா. பார்த்தால் என்னிடம் சொல்லாதே.

வெசெலா


வார்னா,
ஜூன் 12

ஸோரி,

ஒரு மாதம் உன்னோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் துணியில் எல்லாம் உன் குட்டிப் பெண் நேடாவின் பால் வாசனை. துவைக்காமல் வைத்திருக்கிறேன். அசென் கேலி செய்கிறான், செய்யட்டும்.

வருகிற வாரம் நாற்பது நாள் முடிகிறது. உனக்குக் கால் நிற்காது என்று தெரியும். அதனால் கேள். முதல் தடவை தனியாக இறங்காதே. அந்த லிஃப்ட் கதவு தானாக அடித்துக்கொள்கிற கதவு, ஒரு கையால் அதைப் பிடித்து மறு கையால் வண்டியை இழுக்க வேண்டும். கிழங்கு கையை நீட்டாது, போயான் நீட்டுவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசென் என்னைக் காரில் கூட்டி வருகிறான். அதுவரை பொறு. இல்லையென்றால் லாசாரினாவையாவது கூட வைத்துக்கொள்.

கண் படாமல் இருக்க வண்டியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அவிழ்க்காதே.

வெசெலா


ரூஸே,
ஜூன் 18

அக்கா,

உன் கடிதம் நேற்றே வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். உன் பேச்சைக் கேட்கவில்லை. திட்டுவதை ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து திட்டு, இப்போது இதைக் கேள்.

காலையில் இரண்டு பேருக்கும் பால் கொடுத்து, துணி மாற்றி, மேலே ஒன்று கீழே ஒன்று வைத்துப் பெல்ட் போட்டேன். லிஃப்ட் கதவை இடுப்பால் முட்டிப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து வண்டியை உள்ளே இழுத்தேன். சக்கரம் வாசலில் ஒரு தடவை இடித்தது. இன்னும் ஒரு இழுப்பு. உள்ளே! கதவு மூடிக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் உள்ளே இருந்தோம் அக்கா. மூச்சு விடக்கூட இடமிருந்தது.

கிழங்கு செய்யாததைப் போயான் செய்தான், நீ சொன்னது சரிதான். மேல் சீட்டில் உட்கார்ந்தால் பட்டன்கள் எல்லாம் அவன் கைக்கு நேரே இருக்கின்றன. இரண்டு உள்ளங்கையாலும் அத்தனையையும் அழுத்திவிட்டான். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, ஊர்வலம் போல இறங்கியது. ஐந்தில் தோர்ச்செவ் கதவைத் திறந்தார்.

"இடம் இருக்கா?"

"இல்லீங்க! நிறைஞ்சு போச்சு!" என்றேன். அதைச் சொல்ல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த மனுஷனும் சிரித்துவிட்டு, "போ, போ, நான் படியில வர்றேன்" என்றார்.

மூன்றில் லாசாரினா அத்தை குப்பைக்கூடையோடு நின்றாள்.

"எங்கேடி கிளம்பிட்டே? யாரு கூட வர்றா?"

"யாரும் வரலே அத்தே. நானேதான். உங்களுக்கு ரொட்டி ஏதும் வாங்கிட்டு வரணுமா?"

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணு வாங்கிட்டு வா, முறுகலா" என்றாள்.

கீழ்வாசலில் சரிவு இருக்கிறது. வண்டி தானாகவே தெருவுக்கு ஓடியது, பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றேன். வரிசையில் நிற்பது இவ்வளவு இன்பமான காரியம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். என் முறை வந்தும், பின்னால் வந்த கிழவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். தெருவோர லிண்டன் மரங்கள் பூத்து எங்கும் வாசனை. போன வருஷம் அவை பூத்தபோது நான் எங்கே இருந்தேன் என்றே நினைவில்லை.

இதை வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதவில்லை. பெரிய தபால் நிலையத்தில், ஜன்னலோர மேடையில் நின்றுகொண்டு, அவர்கள் பேனாவால் எழுதுகிறேன். போயான் ரொட்டி முனையைக் கடித்துக்கொண்டிருக்கிறான், துணுக்கெல்லாம் கீழே நேடாவின் கூரைமேல் விழுகிறது. அவள் தூங்குகிறாள். தபால்தலை கொடுத்த பெண் எட்டிப் பார்த்து, "ஒரு பிள்ளைதானே இருக்கு, வண்டி ஏன் இத்தனை பெரிசு?" என்று கேட்டாள். "குனிஞ்சு பாருங்க" என்றேன். குனிந்தவள் "அடி என் கண்ணே!" என்று கூவியதில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குப் போக மனசில்லை. இதைப் பெட்டியில் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகப் போகிறேன். யார் தேடினாலும் தேடட்டும். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பிப் போகட்டும்.

நான் வெளியே இருக்கிறேன் அக்கா.

ஸோரி